மத்திய வங்கிக்குச் சந்தைப் பொருளாதாரக்காரரைத் தலைவராகப் போடலாமா? கிரீன்ஸ்பானை முன்வைத்து ஒரு விவாதம்

வட்டிக்கணக்கு எழுதியது:

இன்னொரு இழையில் ஒரு நண்பர், மத்திய வங்கித் தலைவர் தடையற்ற சந்தையை முழுமையாக நம்புகிறவராக இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போனது, அதனால் தனி இழை.

இது ஏற்கெனவே ஒரு நாடு செய்து பார்த்த காரியம். 1987 ஜூன் மாதம் அமெரிக்க அதிபர் ரீகன், பால் வோல்க்கருக்குப் பதிலாக ஆலன் கிரீன்ஸ்பானை அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் (சுருக்கமாக ஃபெட்) தலைவராக அறிவித்தார். வோல்க்கர் பணவீக்கத்தின் முதுகெலும்பை முறித்தவர், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் வங்கிகளுக்குக் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதில் அவருக்கு எப்போதும் தயக்கம் இருந்தது. 1987 ஏப்ரலில் பெரிய வங்கிகள் பத்திர வியாபாரத்தில் இறங்க அனுமதி கேட்டபோது ஃபெட் வாரியம் 3-2 என்று அனுமதி கொடுத்தது. எதிர்த்து ஓட்டுப் போட்ட இருவரில் ஒருவர் வாரியத்தின் தலைவர் வோல்க்கரே. ரீகன் நியமித்தவர்கள் வாரியத்தில் கூடக் கூட, தலைவர் தன் வாரியத்திலேயே தோற்கிற நிலை வந்துவிட்டது.

கிரீன்ஸ்பான் அப்படிப்பட்டவர் இல்லை. 1950களில் நியூயார்க்கில், கட்டுப்பாடற்ற முதலாளித்துவத்தைப் போற்றிய எழுத்தாளர் அய்ன் ராண்டைச் சுற்றிக் கூடிய சிறு வட்டத்தில் ஒருவர். 1974-இல் அதிபர் ஃபோர்டின் பொருளாதார ஆலோசகர் குழுவுக்குத் தலைவராகப் பதவியேற்றபோது ராண்டும் அந்த விழாவுக்கு வந்திருந்தார். 60களில் அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்தால் அவர் நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்று தெரியும். ஒன்றில், நுகர்வோரைக் காக்கச் சட்டம் போடுவதே தவறு, வியாபாரிக்குத் தன் நற்பெயர்மேல் இருக்கும் அக்கறைதான் நுகர்வோருக்கு உண்மையான பாதுகாப்பு என்கிறார். 1966-இல் எழுதிய இன்னொன்றில் தங்கத்தோடு கட்டப்பட்ட நாணயத்தை ஆதரிக்கிறார். 1920களில் ஃபெட் தாராளமாகக் கடனைப் பெருக்கியதுதான் பங்குச் சந்தைச் சூதாட்டத்தைக் கிளப்பி, 1929 வீழ்ச்சியில் கொண்டு விட்டது என்றும் அதே கட்டுரையில் குற்றம் சாட்டுகிறார்.

இப்படி எழுதியவரைத்தான் அந்த ஃபெட்டுக்கே தலைவராக்கினார்கள். செனட்டில் 91-2. அவரும் பதினெட்டரை வருஷம், 2006 ஜனவரி கடைசி வரை, நான்கு அதிபர்கள் காலத்தில் அந்த நாற்காலியில் இருந்தார்.

என் கேள்வி இதுதான். மத்திய வங்கிக்கு இரண்டு வேலை. ஒன்று, பணத்தின் விலையை, அதாவது வட்டியைத் தீர்மானிப்பது. இன்னொன்று, வங்கிகளைக் கண்காணிப்பது. சந்தையை நம்புகிறவர் முதல் வேலையை நன்றாகச் செய்யலாம். பணவீக்கத்தை வெறுப்பார், அரசாங்கத்துக்கு நோட்டு அடித்துக் கொடுக்கத் தயங்குவார். இரண்டாவது வேலையோ, அவர் நம்பிக்கையின்படி இருக்கவே கூடாத வேலை. ஒரு வேலையே வேண்டாம் என்று நினைக்கிறவரிடம் அந்த வேலையைக் கொடுக்கலாமா?

கொங்குநாட்டான் எழுதியது:

நல்ல இழை. ஆனால் நீங்கள் பாதிக் கதையில் ஆரம்பிக்கிறீர்கள். கிரீன்ஸ்பானுக்கு முந்தின பத்து வருஷத்தைப் பாருங்கள். 1980 மார்ச்சில் அமெரிக்காவில் பணவீக்கம் 14 சதவீதத்துக்கு மேல். சம்பளக்காரன், பென்ஷன்காரன், வங்கியில் டெபாசிட் போட்டவன் எல்லாரிடமிருந்தும் சத்தமில்லாமல் பறிக்கப்பட்டது. வோல்க்கர் வட்டியை 20 சதவீதம் வரை போக விட்டார். வீடு கட்டுகிறவர்கள் மரச்சட்டத் துண்டுகளைத் தபாலில் ஃபெட்டுக்கு அனுப்பினார்கள், கார் விற்பவர்கள் விற்காத கார்களின் சாவிகளை அனுப்பினார்கள், விவசாயிகள் டிராக்டரோடு வாஷிங்டனுக்கு வந்து அலுவலகத்தைச் சுற்றினார்கள். 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதம். இத்தனையையும் தாங்கி நிற்க ஒரு மனிதருக்குள் உறுதியான நம்பிக்கை வேண்டும். "கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி" என்று இருப்பவரால் முடியாது.

நியூசிலாந்தையும் பாருங்கள். 1988-இல் அங்கே டான் பிராஷ் மத்திய வங்கி ஆளுநராக வந்தார். தடையற்ற சந்தையை வெளிப்படையாக ஆதரிக்கிறவர், பின்னாளில் அரசியலுக்கும் போனார். 1989 சட்டத்தின்படி, பணவீக்கத்தை 0 முதல் 2 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று நிதியமைச்சரோடு எழுத்தில் ஒப்பந்தம், தவறினால் வேலை போகலாம். இன்று இந்தியா உட்பட எத்தனையோ நாடுகள் பின்பற்றுகிற பணவீக்க இலக்கு முறை அங்கேதான் தொடங்கியது. பிராஷ் தன் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஒருவரைப் பற்றிச் சொல்வார். அவர் 1971-இல் ஆப்பிள் தோட்டத்தை விற்று, வந்த பணத்தை 18 வருஷ அரசுக் கடன்பத்திரத்தில் போட்டார். வட்டி 5.4 சதவீதம். பத்திரம் முதிர்ந்து கைக்கு வந்தபோது பணவீக்கம் அதன் மதிப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டிருந்தது. வாழ்நாள் உழைப்பு. அரசாங்கத்தை நம்பியவர் அவர், ஏமாற்றியது அரசாங்கம்.

மத்திய வங்கியில் சந்தைக்காரர் வேண்டும் என்று நான் சொல்வது அந்த மாதிரி மனிதர்களுக்காகத்தான். பணக்காரன் நிலம் வாங்குவான், தங்கம் வாங்குவான், வெளிநாட்டில் போடுவான். மாட்டிக்கொள்வது டெபாசிட் போட்டவன்.

வட்டிக்கணக்கு எழுதியது:

கொங்கு, பணவீக்கத்தில் நீங்கள் சொல்வதை ஒரு வரி விடாமல் ஒப்புக்கொள்கிறேன். அதைத்தான் முதல் வேலை என்றேன். ஆனால் வோல்க்கரை உங்கள் பக்கம் சேர்க்காதீர்கள். அவரைக் கொண்டுவந்தவர் ஜனநாயகக் கட்சி அதிபர் கார்ட்டர், வங்கிகளைக் கட்டவிழ்த்துவிட எதிர்ப்புச் சொன்னவரும் அவரேதான். பணவீக்கத்தோடு மோத ஒருவர் அய்ன் ராண்டின் சீடராக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு வோல்க்கரைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

கிரீன்ஸ்பான் பதவியேற்ற இரண்டே மாதத்தில், 1987 அக்டோபர் 19 திங்கட்கிழமை, அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. மறுநாள் காலை சந்தை திறக்கும் முன் ஃபெட் ஓர் அறிக்கை விட்டது. மொத்தமே ஒரு வாக்கியம். பொருளாதாரத்துக்கும் நிதி அமைப்புக்கும் துணையாகப் பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறோம் என்பதுதான் சாரம். அன்று அது சரியான முடிவு, அதைக் குறை சொல்ல மாட்டேன். 1998-இல் எல்டிசிஎம் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் (பெரும் பணக்காரர்களின் பணத்தோடு கடனும் வாங்கிச் சந்தையில் போடும் நிறுவனம்) கவிழப் பார்த்தபோது நியூயார்க் ஃபெட் வங்கிகளைக் கூட்டி உட்கார வைத்தது. 14 நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டு அதைத் தாங்கிப் பிடித்தன. ஃபெட் அந்த இலையுதிர் காலத்தில் மூன்று முறை வட்டி குறைத்தது. 2001-இல் தொடங்கி 6.5 சதவீதத்திலிருந்து குறைத்துக் குறைத்து 2003 ஜூனில் 1 சதவீதம்.

அதாவது விழும்போதெல்லாம் அரசாங்க நிறுவனம் கை கொடுத்தது. ஏறும்போது மட்டும் "சந்தைக்குத் தெரியும், நாம் தலையிடக் கூடாது". நம்பிக்கை ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது. வங்கிக்காரனுக்கு இதிலிருந்து என்ன புரிந்திருக்கும்?

பழைய பேங்க்காரர் எழுதியது:

தம்பிகளா, நான் ஒரு பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், வங்கியின் பெயர் வேண்டாம். வட்டிக்கணக்கு கேட்ட கடைசிக் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

90 நாளுக்கு மேல் வட்டியோ தவணையோ வராவிட்டால் கணக்கை வாராக்கடன் என்று எழுத வேண்டும், அதற்கு லாபத்திலிருந்து பணம் ஒதுக்க வேண்டும். மார்ச் மாதம் வந்தால் மேலிடத்திலிருந்து போன்மேல் போன் வரும். பெரிய கம்பெனி, கட்ட முடியவில்லை. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அதே கம்பெனிக்குக் கூடுதலாக ஒரு கடன் சாங்ஷன் ஆகும். மத்தியானம் பணம் கணக்கில் ஏறும், சாயங்காலம் பழைய கடனுக்கு வட்டியாக அதே பணம் இறங்கும். ஏப்ரல் 1-ஆம் தேதி அந்தக் கணக்கைத் திறந்தால் பச்சைப் பசேல் என்று இருக்கும். எவர்கிரீனிங் என்று இதற்குப் பேரே உண்டு. ஐம்பதாயிரம் கடன் வாங்கிய விசைத்தறிக்காரர் வீட்டுக்கு நோட்டீஸ் போகும், ஐநூறு கோடி வாங்கினவருக்குக் காபி கொடுத்து உட்கார வைத்துப் புதுக் கடன் கொடுப்போம். பார்த்துக்கொண்டு இருந்தபோது வயிறு எரியத்தான் செய்தது.

இதை உடைத்தது 2015-இல் ரிசர்வ் வங்கி நடத்திய சொத்துத் தர ஆய்வு. ஆய்வுக்கு வந்தவர்கள் பெரிய கணக்குகளாக எடுத்து, ஒரே கம்பெனி எல்லா வங்கியிலும் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். ஒரு வங்கியில் வாராக்கடன், இன்னொன்றில் நல்ல கடன் என்ற கதை எடுபடவில்லை. 2016 மார்ச் காலாண்டில் பல பொதுத்துறை வங்கிகள் நஷ்டம் காட்டின. 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியது. மறைத்து வைத்திருந்தது வெளியே வந்தது.

அப்போது ஆளுநர் யார்? ரகுராம் ராஜன். போபாலில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர். சந்தைப் பொருளாதாரத்தை நம்புகிறவர்தான், அதை அவர் ஒளிக்கவே இல்லை. புது வங்கிகளுக்கு உரிமம் கொடுத்தார், சிறு நிதி வங்கி, பேமெண்ட் வங்கி என்று போட்டியைக் கூட்டினார். 2013 செப்டம்பரில் அவர் வந்தபோது டாலருக்கு 68 என்று ரூபாய் சரிந்து திரும்பியிருந்தது, எல்லாரும் வட்டியைக் குறை என்றார்கள், முதல் கொள்கைக் கூட்டத்திலேயே கால் சதவீதம் ஏற்றி 7.5 ஆக்கினார். கொங்கு கேட்கிற உறுதி அவரிடம் இருந்தது. அதே ஆள்தான் வங்கிகளின் கணக்கையும் திறந்து பார்க்கச் சொன்னார். அதனால் சந்தைக்காரர் என்றாலே கண்காணிக்க மாட்டார் என்று முடிவு கட்டாதீர்கள்.

தாமிரபரணி எழுதியது:

ஐயா சொன்ன ராஜன்தான் கிரீன்ஸ்பானின் கதைக்குள்ளும் வருகிறார், அதை யாரும் இன்னும் சொல்லவில்லை. 2005 ஆகஸ்டில் வயோமிங் மாநிலத்து ஜாக்சன் ஹோலில் மத்திய வங்கிக்காரர்களின் வருடாந்திரக் கூட்டம். கிரீன்ஸ்பான் ஓய்வு பெறப்போகிறார், அந்த வருஷக் கூட்டமே அவர் காலத்தைப் போற்றத்தான். பன்னாட்டு நிதியமான ஐஎம்எஃப்பின் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்த ராஜன், அவரை முன்னால் வைத்துக்கொண்டே, நிதித் துறையின் இந்த வளர்ச்சி உலகத்தை இன்னும் ஆபத்தானதாக ஆக்கியிருக்கிறதா என்று கேட்டு ஒரு கட்டுரை வாசித்தார். நிதி மேலாளர்களுக்கு லாபம் வந்தால் போனஸ், நஷ்டம் வந்தால் பாதிப்பு குறைவு, அதனால் எப்போதாவது நடக்கிற ஆனால் நடந்தால் நாசமாக்குகிற ஆபத்துகளை அவர்கள் வாங்கிக் குவிக்கிறார்கள், ஒரு நாள் வங்கிகளே ஒன்றையொன்று நம்பாமல் கடன் கொடுப்பதை நிறுத்தலாம் என்றார். கேட்டவர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். அமெரிக்காவின் முன்னாள் நிதியமைச்சர் லாரி சம்மர்ஸ், இது முன்னேற்றத்தைக் கண்டு மிரளும் பழமைவாதம் என்கிற மாதிரிப் பேசினார். மூன்று வருஷத்தில், 2008 நிதி நெருக்கடியில், ராஜன் சொன்னது அப்படியே நடந்தது.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு இடத்தில். 1994-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, மோசடியான வீட்டுக் கடன்களைத் தடுக்க விதிகள் வகுக்கும் அதிகாரத்தை ஃபெட்டுக்குக் கொடுத்தது. அதிகாரம் கையில் இருந்தது. ஃபெட் வாரியத்திலேயே இருந்த எட்வர்ட் கிராம்லிச், 2000 வாக்கில் கிரீன்ஸ்பானிடம் போய், வங்கிக் குழுமங்களின் கடன் கம்பெனிகளுக்குள் நம் ஆய்வாளர்களை அனுப்பலாம் என்று சொன்னார். கிரீன்ஸ்பான் விரும்பவில்லை, அதோடு நின்றது. அந்தக் கடன்கள் எப்படி இருந்தன தெரியுமா? முதல் 2 வருஷம் குறைந்த வட்டி, மீதி 28 வருஷம் ஏறும் வட்டி. மூன்றாம் வருஷம் தவணை எகிறும்போது கட்ட முடியாதவர்கள் என்று தெரிந்தேதான் கொடுத்தார்கள். கடன் கொடுத்தவன் மறு மாதமே அந்தப் பத்திரத்தை வால் ஸ்ட்ரீட்டில் விற்றுவிட்டான், அவனுக்கு என்ன கவலை? கிராம்லிச் 2007 செப்டம்பரில் இறந்துபோனார். ஃபெட் அந்த விதிகளை முழுசாகக் கொண்டுவந்தது 2008 ஜூலையில். 14 வருஷம். அதற்குள் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழக்கும் வரிசையில் நின்றன, அதில் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும் அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகம்.

கொங்குநாட்டான் எழுதியது:

தாமிரபரணி, 1994 சட்ட விஷயத்தில் நான் எதிர்வாதம் செய்யப்போவதில்லை. மோசடியைத் தடுப்பது சந்தைக்கு எதிரானது இல்லை, ஒப்பந்தத்தைக் காப்பது சந்தையின் அடிப்படை.

ஆனால் வீட்டு விலைக் குமிழி எதனால் ஊதியது? வட்டி 1 சதவீதத்தில் ஒரு வருஷம் முழுக்க, 2004 ஜூன் வரை, அப்படியே கிடந்தது. ஸ்டான்ஃபோர்டின் ஜான் டெய்லர் அந்த வருஷங்களில் வட்டி இருக்க வேண்டியதைவிடக் கீழே இருந்தது என்று கணக்குப் போட்டே காட்டினார், அவரும் சந்தைக்காரர்தான். பணத்தைச் செயற்கையாக மலிவாக்கியது ஓர் அரசு நிறுவனம். 1966 கிரீன்ஸ்பான் 1920களின் ஃபெட்டைப் பற்றி எழுதியதை 2003 கிரீன்ஸ்பான் மேல் அப்படியே எழுதலாம். ஆகவே தோற்றது சந்தை நம்பிக்கை இல்லை. பதவிக்கு வந்தபின் அதைக் கைவிட்டதுதான் தோல்வி. உண்மையான சந்தைக்காரர் 1998-இல் எல்டிசிஎம்மைச் சாக விட்டிருப்பார். பத்து வருஷம் கழித்து வந்த பெரிய அடியைவிட அது சின்ன அடியாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வட்டிக்கணக்கு எழுதியது:

வட்டி மலிவாக இருந்தது ஒரு காரணம், சரி. ஆனால் அதே மலிவு வட்டியில் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத் தீர்மானித்தது கண்காணிப்பு இல்லாமை. 2004 ஜூனிலிருந்து கூட்டத்துக்குக் கூட்டம் கால் சதவீதம் ஏற்றினார்கள், மோசமான வீட்டுக் கடன்கள் குறைந்தனவா? 2005, 2006-இல்தான் மிக மோசமானவை கொடுக்கப்பட்டன. வட்டியை வைத்து மட்டும் இதைப் பிடிக்க முடியாது.

டெரிவேட்டிவ் கதையும் இருக்கிறது, அதாவது வட்டி, கடன் போன்ற வேறொன்றின் விலையை வைத்துப் போடுகிற ஒப்பந்தங்கள். 1998-இல் அமெரிக்க அரசின் பியூச்சர்ஸ் சந்தைக் கண்காணிப்பு ஆணையத்தின் தலைவர் புரூக்ஸ்லி பார்ன், வங்கிகள் தங்களுக்குள் தனியாகச் செய்துகொள்கிற டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்தலாமா என்று கருத்துத்தான் கேட்டார், விதி கூடப் போடவில்லை. கிரீன்ஸ்பானும் நிதியமைச்சர் ரூபினும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2000-இல் அவற்றைக் கட்டுப்பாட்டுக்கு வெளியே வைக்கச் சட்டமே வந்தது. 2008-இல் ஏஐஜி என்ற பெரிய காப்பீட்டு நிறுவனம் எதனால் கவிழ்ந்தது? அந்த வகை ஒப்பந்தங்களால். கொங்கு, 1998-இல் எல்டிசிஎம்மைச் சாக விடலாம் என்கிறீர்கள். அதனோடு யாருக்கு எவ்வளவு ஒப்பந்தம் இருக்கிறது என்று அன்று யாருக்கும் முழுசாகத் தெரியாது, அதனால்தான் பயந்தார்கள். தெரிந்து வைத்திருப்பது கண்காணிப்பாளரின் வேலை. அந்த வேலையைச் செய்யாத மத்திய வங்கி, நெருக்கடி நாளில் காப்பாற்றுவதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது.

2008 அக்டோபர் 23, காங்கிரஸ் குழு முன்னால் கிரீன்ஸ்பான். வயது 82. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் சுயநலத்துக்காகவாவது தங்கள் பங்குதாரர்களின் பணத்தைக் காக்கும் என்று நம்பியவர்கள், முக்கியமாக நான், அதிர்ச்சியில் உறைந்திருக்கிறோம் என்றார். உங்கள் உலகப் பார்வை தவறு என்று கண்டுகொண்டீர்களா என்று குழுத் தலைவர் ஹென்றி வாக்ஸ்மேன் நேரடியாகக் கேட்டார். ஆமாம், அதனால்தான் அதிர்ந்துபோனேன், 40 வருஷத்துக்கும் மேலாக அது நன்றாக வேலை செய்வதற்கு ஆதாரம் இருந்தது என்று பதில். 60களில் அவர் எழுதிய நற்பெயர்க் கொள்கையைத்தான் அன்று அந்த மேசையில் வைத்துவிட்டுப் போனார். இந்தக் கேள்வியை 1987-இல் செனட்டில் கேட்டிருக்க வேண்டும்.

புதுவரவு எழுதியது:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன், நிறையத் தெரிந்துகொண்டேன். ஒரு சந்தேகம். அங்கே செனட் கேள்வி கேட்டு ஓட்டுப் போடுகிறது. நம் ஊரில் ரிசர்வ் வங்கி ஆளுநரை யார் கேள்வி கேட்கிறார்கள்?

பழைய பேங்க்காரர் எழுதியது:

நியமனத்துக்கு முன்னால் பொதுவில் யாரும் கேட்பதில்லை தம்பி. மத்திய அரசு நியமிக்கிறது, அவ்வளவுதான். நாடாளுமன்றத்தில் விசாரணை கிடையாது, ஓட்டெடுப்பு கிடையாது. பதவிக்காலம் அதிகபட்சம் ஐந்து வருஷம், பெரும்பாலும் மூன்று வருஷத்துக்குப் போட்டு, வேண்டுமென்றால் நீட்டிப்பார்கள். ராஜனுக்கு மூன்று வருஷம்தான். 2016 ஜூனில் ஊழியர்களுக்குக் கடிதம் எழுதி, பேராசிரியர் வேலைக்குத் திரும்புகிறேன் என்று அறிவித்தார். வங்கிகளின் கணக்கைச் சுத்தப்படுத்தும் வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில், பொதுநலன் கருதி ஆளுநரைக் கலந்தபின் ரிசர்வ் வங்கிக்கு உத்தரவு போடும் அதிகாரமும் அரசுக்கு உண்டு. இவ்வளவு பெரிய பதவிக்கு வருகிறவரிடம் மக்கள் பிரதிநிதிகள் அரை நாள் கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் பல வருஷமாக ஆதங்கம்.

வட்டிக்கணக்கு எழுதியது:

ஐயா சொன்ன அரை நாள் கிடைத்தால் நான் கொள்கைக் கேள்வி கேட்க மாட்டேன். சந்தையை நம்புகிறீர்களா என்று கேட்டால் யாரும் அழகாகப் பதில் சொல்லிவிடுவார்கள். நான் கேட்பது: உங்கள் கையில் இருக்கிற இந்தச் சட்டத்தின் இந்தப் பிரிவை எப்போது பயன்படுத்துவீர்கள்? லாபம் கொழிக்கிற, பங்கு விலை ஏறுகிற, எல்லாரும் புகழ்கிற ஒரு வங்கியின் கணக்குப் புத்தகத்தைத் திறக்க ஆள் அனுப்புவீர்களா? ராஜன் அனுப்புவேன் என்று சொல்லியிருப்பார். 1987 கிரீன்ஸ்பான் என்ன சொல்லியிருப்பார் என்று அவர் கட்டுரைகளிலேயே இருந்தது, யாரும் அதைச் சரியாகத் துருவவில்லை.

கொங்குநாட்டான் எழுதியது:

அந்தக் கேள்வியைக் கேளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் என் கேள்விதான் முதலில் வர வேண்டும். 1984 தேர்தலுக்கு முந்தின கோடையில் வோல்க்கரை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு, நூலக அறையில் உட்கார வைத்து, தேர்தல் முடியும்வரை வட்டியை ஏற்றக் கூடாது, இது அதிபரின் உத்தரவு என்று வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரி ஜேம்ஸ் பேக்கர் சொன்னார். ரீகன் பக்கத்திலேயே பேசாமல் உட்கார்ந்திருந்தார். வோல்க்கர் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார், 2018-இல் நினைவுகளை எழுதியபோதுதான் இதை வெளியே சொன்னார். அந்த அறையில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று வருகிறவரிடம் கேளுங்கள். அதற்குப் பதில் கேட்டபின் வங்கிக் கணக்குக்குப் போகலாம்.